கோழிக்கு டிக்கெட்: எட்டுப் பக்க காமிக்ஸ் ஒன்றை வரைந்து முடித்த அனுபவம்

முதல் பக்கத்தை வரைய எனக்கு 11 நாள் ஆனது. டவுன் பஸ்ஸின் உட்புறம், ஜன்னலோரம் கோழியை மடியில் வைத்திருக்கும் பாட்டி, படிக்கட்டில் தொங்கும் பையன்கள், விசிலை வாயில் கவ்விய கண்டக்டர் என்று ஏ4 தாளை நிறைத்து வரைந்திருந்தேன். மை காய்ந்ததும் வசனம் எழுத உட்கார்ந்தேன். எழுத இடமில்லை. கண்டக்டர் பேச வேண்டிய மூன்று வரியைப் பாட்டியின் முகத்தின் மேல்தான் போட முடியும் என்ற நிலைமை. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் படிக்க முடிந்தது. அந்தத் தாளை அட்டைக்குள் வைத்துப் பீரோவில் எடுத்துவைத்துவிட்டு, மறுநாள் வெறும் வசனத்தோடு முதலிலிருந்து தொடங்கினேன். இந்தப் பதிவில் எழுதப்போவதெல்லாம் அதற்கப்புறம் நடந்தவை.

எனக்கு ஊர் கோவில்பட்டி. படம் அச்சாகி வருவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்கிற ஊர் இது. தீப்பெட்டி லேபிளைச் சேர்க்காத பையன் எங்கள் தெருவில் இல்லை. கொண்டைய ராஜு (1898–1976) இங்கே தங்கி வரைந்த சாமி படங்கள்தான் காலண்டராகி எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கின. பக்கத்திலேயே சிவகாசி. 1972-ல் அங்கே முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984-ல் லயன் காமிக்ஸ். என் தாய்மாமா சேர்த்துவைத்த கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் புரட்டினேன். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கதைகள். வசனம் எழுதும் வட்டங்களான பலூன்கள் வேறு மொழிக்காக வரையப்பட்டவை, அதற்குள் தமிழைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு உறைத்தது என் முதல் பக்கம் வீணானபோதுதான்.

கதை சின்னது. டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கறுப்புக் கோழியோடு ஏறும் பாட்டியிடம் கோழிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார் கண்டக்டர். பஸ் முழுக்க ஆளுக்கொரு நியாயம் பேசுகிறது. கடைசியில் பாட்டி, "ஏம்ப்பா, இதுவும் பொட்டக்கோழிதானப்பா" என்கிறாள். அவ்வளவுதான். எட்டுப் பக்கம், 41 கட்டம்.

இரண்டாம் தடவை தொடங்கும்போது எங்கள் தெருவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். 30 வருஷம் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைந்துவிட்டது, ஆனாலும் பிரஷ்களை இன்னும் எண்ணெய் தடவித்தான் வைத்திருக்கிறார். நான் எழுதிய வசனத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கோடு எங்க தம்பி?"

நான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். அவர் தாளை வாங்கி நான்கு கோடு போட்டார். நடுவில் இருக்கும் இரண்டும் 'க', 'ப', 'ம' போன்ற எழுத்துகளின் உடம்புக்கு. மேலே ஒரு கோடு 'கி', 'கீ' சுழிக்கு. கீழே ஒரு கோடு 'கு', 'கூ', 'ழ' இறங்குவதற்கு. ஆங்கிலம் எழுதப் பழகும் நாலு கோடு நோட்டு மாதிரியேதான். "மேல் வரி 'கூ' இறங்கி வரும், கீழ் வரி 'கீ' ஏறி வரும். ரெண்டும் முட்டிக்கிட்டா படிக்கிறவன் தடுமாறுவான்" என்றார்.

ஆங்கில காமிக்ஸில் வசனம் பெரும்பாலும் பெரிய எழுத்திலேயே இருக்கும். எல்லா எழுத்தும் ஒரே உயரம் என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். அவர்களுடைய பாடங்களில் சொல்கிற வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் சுழிகள் மோதும். நான் பல அளவுகளில் எழுதிப் பார்த்துக் கடைசியில் நின்ற கணக்கு இது: எழுத்தின் உடம்பு 4 மி.மீ., மேலே 2 மி.மீ., கீழே 2 மி.மீ. ஆக ஒரு வரிக்கு 8 மி.மீ. ஏ4-ல் வரைந்து ஏ5-ஆகக் குறைத்தால் எல்லாம் 71 சதவீதமாகும், எழுத்தின் உடம்பு 2.8 மி.மீ. வரும். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சிரமமில்லாமல் படிக்கும் அளவு.

அடுத்த சிக்கல் சொல்லின் நீளம். பலூன் முட்டை வடிவம். முதல் வரி சின்னது, நடு வரி பெரியது, கடைசி வரி மறுபடி சின்னது என்று வந்தால்தான் அழகாக நிரம்பும். 'கேட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று ஒரே சொல் வந்துவிட்டால் என்ன செய்வது? பத்திரிகையில் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், நமக்கும் பழகிப்போனது. பலூனில் மொத்தமே மூன்று வரி, அதில் ஒரு சொல்லை உடைத்தால் பேச்சே திக்குகிற மாதிரி இருக்கிறது. 'கேட்டுட்டிருக்கா' என்று எழுதினால் பாதி இடம் மிச்சம். இடத்துக்காகத்தான் பேச்சு வழக்குக்கு மாறினேன், மாறியதும் பாட்டியின் குரலும் வந்துவிட்டது. முதல் தடவை அவள் "அது என் மடியில்தானே உட்கார்ந்திருக்கிறது" என்று பாடப்புத்தகம் மாதிரி பேசினாள். இப்போது "அது என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு? எம் மடியிலதானப்பா இருக்கு" என்கிறாள்.

ஒரு பலூனுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். மீறினால் இரண்டு பலூனாக்கி இடையில் ஒரு கழுத்து போட்டு இணைத்துவிடுவேன்.

அப்புறம் குட்டி வரைவு. இதைத் தீப்பெட்டி அளவில் செய்தேன். ஒரு காலித் தீப்பெட்டியை வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் ஒரு பக்கம். அதற்குள் முதலில் வசனம் வரும் இடத்தை மட்டும் முட்டை முட்டையாகப் போடுவேன். மிச்சமிருக்கும் இடத்தில் குச்சி மனிதர்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரைவு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டியதுதான். காமிக்ஸ் வரைய ஆசைப்படுகிற யாராவது என்னிடம் கேட்டால் இந்த ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: பலூனை வைத்துவிட்டு மனிதரை வையுங்கள். முகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்த்தலாம். வசனத்துக்குத்தான் நகர இடம் கிடைக்காது.

யார் முதலில் பேசுகிறாரோ அவர் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதும் இந்தத் தீப்பெட்டிகளில்தான் பிடிபட்டது. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கேள்வி கேட்கும் கண்டக்டர் வலப்பக்கம் நின்றால் பதிலை முதலில் படித்துவிடுவோம், இல்லாவிட்டால் பேசுபவரைக் காட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். பெரும்பாலான கட்டங்களில் கண்டக்டர்தான் பேச்சைத் தொடங்குகிறார். அதனால் முதல் பக்கத்திலேயே அவர் இடப்பக்கம், பாட்டி வலப்பக்க ஜன்னலோரம் என்று முடிவு செய்து எட்டுப் பக்கமும் மாற்றவில்லை. நடுவில் பக்கம் மாற்றினால் பஸ்ஸே திரும்பிப் போகிற மாதிரி தோன்றும். பாட்டி முதலில் பேசும் இரண்டு கட்டங்களில் மட்டும் அவள் பலூனை உயரத்தில் இடப்பக்கம் வரை நீட்டி, கண்டக்டருடையதைக் கீழே இறக்கினேன். மேலே இருப்பதைத்தான் கண் முதலில் பிடிக்கிறது.

மனித உருவத்துக்கு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். 40 நாள், தினமும் மாலை அரை மணி நேரம். ஒருவருக்கு 30 விநாடிதான், அதற்குமேல் யாரும் அப்படியே நிற்க மாட்டார்கள். முதல் வாரம் எல்லோரும் மரப்பாச்சி மாதிரி நேராக நின்றார்கள். மேல் கம்பியைப் பிடித்து நிற்பவரை ஒருநாள் கூர்ந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. தூக்கிய கையின் பக்கத்துத் தோள் காதுவரை ஏறுகிறது. உடம்பின் பாரம் ஒரு காலில் இறங்குகிறது, அந்தப் பக்க இடுப்பு வெளியே தள்ளுகிறது. தலையிலிருந்து பாரம் தாங்கும் கால்வரை ஒரே வளைகோடு. அந்தக் கோட்டை முதலில் போட்டுவிட்டு உடம்பை அதன்மேல் மாட்டினால் ஆள் நிற்கிறார். கைக்கு வேறு வழி. கட்டைவிரல் தனி, மற்ற நான்கு விரலும் சேர்ந்து ஒரு பலகை என்று போட்டுவிட்டுக் கடைசியில் பிரித்தேன். கண்டக்டரின் கைக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டே நிரம்பியது. ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்வார்கள் அல்லவா, பத்து ஒரு இடுக்கில், இருபது ஒரு இடுக்கில் என்று. அந்த ஒன்றை வரைந்துவிட்டால் காக்கிச் சட்டையே தேவையில்லை, கண்டக்டர் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

பஸ்ஸின் உட்புறம் என்னை மூன்று வாரம் நிறுத்திவைத்தது. கண்மட்டம் என்று ஒரு கிடைக்கோடு, அதில் ஒரு புள்ளி. சீட்டின் முதுகு, ஜன்னல் விளிம்பு, மேல் கம்பி, தரையின் பலகைக் கோடு எல்லாம் அந்த ஒரு புள்ளிக்கு ஓட வேண்டும். இது எல்லா வகுப்பிலும் சொல்வதுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது, கண்மட்டம் என்பது யாருடைய கண் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது. நிற்பவரின் கண்ணாக வைத்தால், பஸ்ஸின் கடைசியில் நிற்பவர் தொடங்கி முன்னால் நிற்பவர் வரை, ஒரே உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில் உட்காரும். தூரத்தில் இருப்பவர் உடம்பு சுருங்கும், கண் மட்டும் கோட்டை விட்டு இறங்காது. உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணாக வைத்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் மார்பில் போகும், கண்டக்டர் தலைக்குமேல் ஓங்கி நிற்பார். அவர் அதட்டும் கட்டங்களைப் பாட்டியின் கண்ணிலும், ஊரே சேர்ந்து பேசும் கட்டங்களை நிற்பவர் கண்ணிலும் வரைந்தேன். கடைசிப் பக்கத்தில் மறுபடி பாட்டியின் கண்மட்டம்தான், ஆனால் கண்டக்டர் அங்கே குனிந்து கோழியைப் பார்க்கிறார். இருவர் தலையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகிறது.

மைக்கு வருகிறேன். டிராயிங் நோட்டுத் தாளில் நிப்பால் இழுத்ததும் மை நாரோடு பரவி, கோடு மயிர் முளைத்த மாதிரி ஆனது. ஐவரி அட்டைக்கு மாறினேன். வழவழப்பானது, கோடு கத்தி மாதிரி நிற்கும். ஆனால் மை மேலேயே தங்கும், காய நேரமாகும். மூன்றாம் பக்கத்தில் உள்ளங்கை பட்டு ஒரு ஜன்னல் முழுக்கத் தேய்ந்துபோனது. அதிலிருந்து கைக்குக் கீழே ஒரு காகிதம், வேலை எப்போதும் மேல் இடமூலையிலிருந்து. கட்டக்கோடு, கம்பி, ஜன்னலுக்கு நிப். மனிதருக்கும் கோழிக்கும் 2-ம் நம்பர் பிரஷ். அண்ணாச்சி பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்த விதம் இது: மணிக்கட்டை அசைக்காதே, முழங்கையிலிருந்து இழு, கோட்டின் நடுவில் அழுத்து, முடிவில் தூக்கு. செய்தித்தாள் மேல் அப்படி 200 கோடு இழுத்த பிறகுதான் அட்டையைத் தொட விட்டார். நீர் புகாத மை பிரஷ்ஷின் அடிமயிரில் காய்ந்தால் மயிர் விரிந்துவிடும், பிறகு முனை சேராது. ஒவ்வொரு அரை மணிக்கும் சோப்பில் கழுவி, விரலால் முனை கூட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நல்ல பிரஷ் அப்படிக் கெட்டது, மனசு கஷ்டமாக இருந்தது.

கோழிக்கு முதலில் இறகு இறகாகக் கோடு போட்டேன். 71 சதவீதத்தில் அச்செடுத்துப் பார்த்தபோது கோடுகள் அடைத்துக்கொண்டு சாம்பல் திட்டாகத் தெரிந்தது. சரி, கறுப்புக் கோழிதானே என்று முழுக்க மையால் நிரப்பி, கழுத்திலும் இறக்கையிலும் மட்டும் நாலைந்து வெள்ளைக் கோடு விட்டேன். பக்கமே மாறிவிட்டது. கண் முதலில் அந்தக் கறுப்பைப் பிடித்து, கட்டத்துக்குக் கட்டம் அதன் பின்னாலேயே போகிறது. ஒலிகளையும் பிரஷ்ஷிலேயே எழுதினேன். பள்ளியில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடிக்குக் 'கடகட', இறக்கைக்குப் 'படபட'. படபடவின் எழுத்துகளைக் கோடு போடாமல், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் சாய்த்துப் பறக்க விட்டேன்.

அடி வரைவுக்கு வெளிர் நீல பென்சில் வாங்கியிருந்தேன். அதை அழிக்க வேண்டாம். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணமாக ஸ்கேன் செய்து, கிம்ப் மென்பொருளில் நிறங்களைப் பிரித்து நீல அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டால் நீலக்கோடு வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும், கறுப்பு நிற்கும். பிறகு சாம்பலைக் கறுப்பா வெள்ளையா என்று வெட்டிவிட்டால் போதும். ரப்பரால் தேய்த்து மையின் கறுப்பை வெளுக்கவைக்கும் தொல்லை இல்லை.

எட்டுப் பக்கத்துக்கு இரண்டு ஏ4 தாள். முதல் தாளின் முன்புறம் 8, 1, பின்புறம் 2, 7. இரண்டாம் தாளின் முன்புறம் 6, 3, பின்புறம் 4, 5. மடித்தால் வரிசை வந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் முதல் பிரதி பின்புறம் தலைகீழாக வந்தது. தாளைக் குட்டைப் பக்கமாகத் திருப்பும்படி அமைப்பை மாற்றியதும் சரியானது. 'பக்கத்துக்கு ஏற்பக் குறை' என்ற அமைப்பையும் எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து நாம் போட்ட கணக்கைவிடச் சின்னதாகும். நடுவில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. அதைத் திறந்து, தாளுக்கடியில் தெர்மோகோல் வைத்துக் குத்தி, பின்னின் காலைக் கரண்டிக் காம்பால் மடக்கினேன்.

பொட்டக்கோழி வசனம் எட்டாம் பக்கத்தில் இருப்பது இந்த மடிப்பை நினைத்துத்தான். ஆறும் ஏழும் எதிரெதிர்ப் பக்கங்கள், ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எட்டைப் பார்க்கத் தாளைத் திருப்பியாக வேண்டும். ஏழின் கடைசிக் கட்டத்தில் பாட்டி வாயைத் திறக்கிறாள், அதோடு பக்கம் முடிகிறது.

முதல் பிரதியை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயசு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். ஐந்தாம் பக்கத்தில் நிமிர்ந்து, "மாமா, கோழி எங்க? கீழ விழுந்துருச்சா?" என்றான். பார்த்தால் அந்தப் பக்கத்தில் மூன்று கட்டம் தொடர்ந்து பாட்டியின் மடி காலி. பயணிகளின் முகத்தில் கவனமாக இருந்தவன் கோழியை விட்டுவிட்டேன். கறுப்பாக இருந்ததால்தான் இல்லாதது அவனுக்கு உடனே தெரிந்திருக்கிறது. கோழியைத் தனித் தாளில் மூன்று நிலையில் வரைந்து, ஸ்கேன் செய்து, அந்தக் கட்டங்களில் உட்காரவைத்தேன்.

அம்மாவிடம் கொடுத்தது வேறொன்றைக் காட்டியது. அம்மா காமிக்ஸ் படித்துப் பழக்கமில்லாதவர், விரல் வைத்துப் படிப்பார். நான்காம் பக்கத்தில் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டம், வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே உயரமான கட்டம். இடப்பக்கம் இரண்டையும் படித்துவிட்டு வலப்பக்கம் போக வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவின் விரல் முதல் கட்டத்திலிருந்து நேராக வலப்பக்கம் போனது. தப்பு அம்மாவுடையது இல்லை, இடமிருந்து வலம் போவதுதானே நம் பழக்கம். "என்னடா, கேட்டதுக்கு முன்னாடியே பதில் சொல்லுறான்?" என்று கேட்டார்.

பக்கத்தைக் கலைக்க மனமில்லை. இடப்பக்கக் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை 4 மி.மீ.-லிருந்து 2 ஆக்கினேன். அவற்றுக்கும் உயரமான கட்டத்துக்கும் நடுவே 7 மி.மீ. விட்டேன். மேல் கட்டத்தில் இருந்த இரண்டாவது பலூனை இறக்கி, இரண்டு கட்டத்தின் எல்லைக்கோட்டுக்கும் மேலாக, பாதி மேலே பாதி கீழே இருக்கும்படி வைத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, நான்கு நாள் கழித்து, எதுவும் சொல்லாமல் அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன். விரல் முதல் பலூனைத் தாண்டியது, எல்லைக்கோட்டின் மேல் இருந்த பலூனுக்கு இறங்கியது, அங்கிருந்து கீழ்க் கட்டத்துக்குப் போனது, அப்புறம் வலப்பக்கம். அன்று சாயங்காலமே 25 பிரதி போடக் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்று அண்ணாச்சிக்கு.